வண்டியை நகர்த்தச் சொன்னார்கள்

பெரிய காரணம் ஒன்றும் இல்லை.
கேட்பவர்களிடம் சொல்ல
ஒரு சாவாவது, ஒரு கடனாவது இருந்திருக்கலாம்.
தை மாதம், ஒரு வியாழக்கிழமை,
லேபுக்குப் போகச் செருப்பை மாட்டினேன்.
கழற்றினேன்.
அவ்வளவுதான் நடந்தது.

ஒன்பது வருடம் அடுத்தவர் நரம்பைத்
தட்டித் தட்டி எழுப்பிய விரல்கள்
அதன்பின் போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டு கிடந்தன.
ஒத்தக்கடை வீட்டில் எனக்கிருப்பது ஒரே ஜன்னல்.
அதில் யானைமலை.
நான் படுத்தால் அதுவும் படுத்திருக்கும்.
எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும்
படுத்தேதான் இருக்கும்.
எட்டு மாதம்
ஒருவரை ஒருவர் எழுப்பாமல்
நாகரிகமாக இருந்தோம்.

தம்பி அனுப்பும் வீடியோக்களில்
கோட் போட்ட ஒருவர்
விடிகாலை நான்கு மணிக்கு எழச் சொல்வார்.
நான்கு மணிக்கு விழித்துத்தான் இருப்பேன்.
அதுதானே பிரச்சினை.

சந்தில் என் ஸ்கூட்டி.
அதன்மேல் தார்ப்பாய், தார்ப்பாய்மேல் முருங்கைச் சருகு.
அடியில் ஜெயராணி வீட்டுப் பூனை போட்ட மூன்று குட்டிகளும்
வளர்ந்து, சண்டையிட்டு,
வேறு வேறு வீடு பார்த்துப் போய்விட்டன.

புரட்டாசியில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்ட வந்தார்கள்.
கதவைத் தட்டியவர் பெயர் சோணை.
"அக்கா, வண்டிய எடுங்க.
இல்லேன்னா குழிக்குள்ள போயிரும்."
"எப்பக்குள்ள?"
"பத்து நிமிசம்."
அத்தனை பேர் சொன்ன அத்தனை அறிவுரையிலும்
கெடு வைத்துச் சொன்னது இவர் ஒருவர்தான்.

நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
ஸ்டாண்டு துருவேறித் தரையைக் கவ்வியிருந்தது.
நகர்த்தத்தான் நினைத்தேன், சத்தியமாக,
சந்து முனை வரைக்கும்.
முனையில் மண் கொட்டியிருந்தார்கள்.
மண்ணைத் தாண்டி ஒரு வைக்கோல் லாரி.
லாரியைத் தாண்டி இடம் இருந்தது, ஆனால் சரிவு.
வண்டி தானாக உருள
பிடியை விடாமல் நான் கூடவே ஓட
சிக்கந்தர் பட்டறை வாசலில் போய் நின்றோம்.

கிக்கரை அவன் பதினான்கு முறை உதைத்தான்.
பிறகு பழைய பெட்ரோலை ஒரு பாட்டிலில் வடித்து
வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.
கலங்கல், அடியில் வண்டல்,
நாலு நாள் தண்ணீர் குடிக்காதவருடைய சிறுநீர் நிறம்.
பெயர், வயது, தேதி எழுதி
லேபிள் ஒட்டக்
கை பரபரத்தது.
என் கைதானா என்று பார்த்தேன்.

"ஓட்டாம வச்சா இப்படித்தான்" என்றான்.
இதைப் பொன்மொழி ஆக்கிவிடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அவன் பெட்ரோலைப் பற்றித்தான் பேசினான்.
நானூற்று இருபது ரூபாய் என்றும் சொன்னான்.
நாளைக்குத் தருகிறேன் என்றேன்.
நாளை.
அந்தச் சொல்லை ஒரு மனிதரிடம் சொல்லி
எத்தனை நாளாயிற்று.

"ஒரு ரவுண்டு அடிச்சுப் பாருங்க."
அரை லிட்டர் புதுப் பெட்ரோலில்
நைட்டியும் துண்டுமாக மேலூர் ரோட்டில் போனேன்.
பஸ்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.
வெள்ளரிப்பட்டிப் பக்கம் ஓரமாக நிறுத்தித்
திரும்பிப் பார்த்தால்
தும்பிக்கையைக் காணோம்.
முதுகு, மத்தகம், ஒன்றும் இல்லை.
நீளமாக ஒரு பாறை, அதன்மேல் வெயில்.
யானை என் ஜன்னலில் மட்டும்தான் இருந்திருக்கிறது.
சிரித்தேனா அழுதேனா,
கன்னத்தில் புழுதி ஒட்டியது.

கால் சுட்டபோதுதான் தெரிந்தது,
செருப்பே போடாமல் வந்திருக்கிறேன்.

சந்தை மூட ஒரு வாரமாகுமாம்.
அதுவரை வண்டி பட்டறை வாசலில்.
குழிமேல் சோணை போட்டிருந்த பலகையில்
கைகளை விரித்து நடந்து வீடு வந்தேன்.
லேபுக்குப் போன் செய்யவில்லை.
செய்வேன் என்றும் சொல்லமாட்டேன்.
ராத்திரி ஜன்னலில் யானை வழக்கம்போல் படுத்திருந்தது.
படுத்திருக்கட்டும்.
பீரோவைத் திறந்து
நானூற்று இருபதை எண்ணிச்
சாவிக்கு அடியில் வைத்தேன்.